சிற்றில் கட்ட ஓர் இடம்

பிள்ளைத்தமிழைப் பாடமாகச் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் சிற்றில் பருவத்தை எட்டும்போது வகுப்பறையில் ஒரு புன்னகை பரவுவதைக் கண்டிருக்கிறோம். சிறுமியர் மணலைக் கூட்டி வீடு கட்டுகின்றனர். மணலே அவர்களுக்குச் சோறு, இலையே கறி. ஓடிவரும் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் தங்கள் வீட்டைச் சிதைத்துவிட வேண்டாமென மன்றாடுகின்றனர். இசுலாமியப் புலவர்களும் பாடிச் சுவைத்த பருவம் இது. அம்மணல் வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை, வண்ணப் பூச்சில்லை. எனினும் அச்சிறுமியர் அதனுள் முழுமையாக வாழ்கின்றனர். ஒரு கற்பனை உலகில் குழந்தை தன்னை மறந்து தோய்தல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

இன்று அவ்வுலகைப் பெருஞ்செலவில் கட்டித் தருகின்றனர். 'தீம் பார்க்' என்று மக்கள் வழங்கும் கேளிக்கைப் பூங்காக்களில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இல்லாதது அரிது. வாயிலைக் கடந்தவுடன் வெளியுலகம் மறைந்து, ஒரு கதைக்குள் புகுந்துவிட்டதாகக் குழந்தை உணர வேண்டும் என்பதே அப்பகுதியை வடிவமைப்போரின் குறிக்கோள். குறிக்கோள் நல்லதே. அதை எட்ட மேற்கொள்ளும் வழியில்தான் நமக்கு மாறுபாடு உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தார் பதினால்வர் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு அத்தகைய பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டா. 'குழந்தைகள் உலகம்' எனப் பலகை மாட்டிய பகுதியில் சுதையால் ஆன கோட்டை, வண்ணக் காளான்கள், வாய் பிளந்து நிற்கும் திமிங்கிலம் எல்லாம் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்', 'ஏறாதீர்' என்று எழுதியும் வைத்திருந்தனர். நண்பகல் வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. அன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மிக நீண்ட நேரம் ஆடிய இடம் எதுவென்றால், குடிநீர்க் குழாயடியில் வழிந்தோடிய தண்ணீருக்குக் கல் அடுக்கிக் கட்டிய அணைதான்!

எம் அண்ணன் மகளுக்கு அந்த அணையும் வாய்க்கவில்லை. எட்டு வயதுச் சிறுமி. பிறவியிலேயே கால்களில் வலுவின்மையால் சக்கர நாற்காலியில் இருப்பவள். 'குழந்தைகள் உலக'த்தின் வாயிலில் மூன்று படிகள் இருந்தன. சாய்தளம் இல்லை. தூக்கிச் செல்லலாமா என்று கேட்டோம். உள்ளே வழி குறுகலானது, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று காவலர் பணிவாகவே சொன்னார். அவர்மீது குறையில்லை, படிகளைக் கட்டியவர் அவரல்லரே. சிறுமியோடு நாமும் வெளியே அமர்ந்தோம்.

"சாச்சா, உள்ள என்ன இருக்கு?" என்றாள்.

சொல்லத் தெரியவில்லை. சற்று நேரத்தில் அவள் தம்பி வெளியே வந்தான். "ஒண்ணுமில்ல லாத்தா, பொம்மை நிக்குது, தொட விடமாட்டேங்குறாங்க" என்றான். அது அவளுக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்தோம். இல்லை. ஒன்றுமில்லை என்பதையும் தானே சென்று கண்டறிய அவள் விரும்பினாள். அன்றிலிருந்து இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தும், படக்காட்சிகளாகக் கண்டும் வருகிறோம். கடல் கடந்த அப்பூங்காக்களை நாம் நேரில் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நெதர்லாந்து நாட்டின் தெற்கே காட்ஸ்ஹூவல் என்னும் ஊரில் எஃப்டலிங் என்ற பூங்கா உள்ளது. அங்கு 1952ஆம் ஆண்டு 'கதைக்காடு' ஒன்றைத் திறந்தனர். ஓவியர் அந்தோன் பீக் வரைந்தார். பீட்டர் ரெய்ண்டர்ஸ் இயந்திர நுட்பங்களை அமைத்தார். தொடக்கத்தில் பத்துக் கதைகளே. மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் வழியில் நடந்தால் ஓரிடத்தில் உறங்கும் இளவரசி. அவள் மார்பு மூச்சில் ஏறி இறங்குகிறது. மற்றோரிடத்தில் நெடுங்கழுத்தன் ஒருவன் கழுத்தை மேலும் மேலும் நீட்டுகிறான். வழியோரக் காளானில் காதை வைத்தால் இசை கேட்கிறது. நம்மூரில் கண்ட காளானுக்கும் இக்காளானுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் சுதைதான். ஒன்று குழந்தையை விலக்குகிறது. மற்றொன்று, 'அருகே வா' என்கிறது.

அங்கு நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு குப்பைத் தொட்டி. 1959 முதல் அங்கு வாயகன்ற பெருந்தீனிக்காரன் ஒருவனின் உருவம் அமர்ந்திருக்கிறது. 'காகிதம் இங்கே' என்று அவன் குரல் கொடுக்கிறான். குழந்தை காகிதத்தை வாயருகே கொண்டுபோனால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்கிறான். அவனுக்கு ஊட்டுவதற்காகவே குழந்தைகள் காகிதத் துண்டுகளைத் தேடி ஓடுகின்றனர். 'குப்பை போடாதீர்' என்று நாம் எத்தனை பலகை எழுதினோம்! அங்கே குழந்தை கதையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கதைக்குள் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. தோய்தல் என்பதன் திறவுகோல் இதுவே என்பது நம் கருத்து.

இவ்வகைப் பூங்காக்களைப் பேசும்போது வால்ட் டிஸ்னியை விட்டுவிட இயலாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் மகளிர் இருவரும் இராட்டினத்தில் சுற்ற, தாம் மட்டும் ஒரு பலகையில் வாளா அமர்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் இடமொன்று வேண்டுமென அவருக்குத் தோன்றியதாம். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. வெளியுலகம் கண்ணில் படாதவாறு சுற்றிலும் மண்மேடு எழுப்பினர். முதன்மைத் தெருவின் கட்டடங்களில் மேல்தளங்களைக் கீழ்த்தளத்தினும் சிறிய அளவில் கட்டினர்; அண்ணாந்து பார்ப்போர்க்கு அவை உயர்ந்து தோன்றும். கூரிய மதிநுட்பந்தான். ஆயினும் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும் கண்ணுக்கும் மூன்றடி உயரத்தில் இருக்கும் கண்ணுக்கும் ஒரே தெரு ஒன்றுபோலத் தோன்றுமோ? குழந்தைகள் பகுதியை வரையும் பொறியாளர் ஒருமுறையேனும் மண்டியிட்டு அவ்விடத்தைச் சுற்றிவர வேண்டும். முட்டி நோகும். அதனாலென்ன?

அதே டிஸ்னிலேண்டில் 1993ஆம் ஆண்டு சிறுவர்க்கெனத் 'தூன்டவுன்' என்னும் கேலிச்சித்திர நகரம் எழுந்தது. முப்பதாண்டு சென்றபின் அதனை ஓராண்டளவு மூடிப் புதுப்பித்து 2023 மார்ச்சில் மீண்டும் திறந்தனர். புதுப்பித்தபோது அவர்கள் சேர்த்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை புல்வெளியும் மரநிழலும் ஆகும். இரைச்சலிலும் ஒளியிலும் மிரளும் குழந்தைகளையும் எண்ணி, ஓடவும் உருளவும் அமைதியாக அமரவும் இடம் விட்டனர். விலையுயர்ந்த பொறிகளில் கைதேர்ந்தவர்களே இறுதியில் புல்லுக்குத் திரும்பியதை நம் பூங்கா உரிமையாளர்கள் கருத்தில் கொள்வார்களாக.

இவ்வுண்மையை டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சென் அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே கண்டிருந்தார். தாம் திட்டமிட்ட விளையாட்டிடங்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் வேறு எங்கெங்கோ ஆடுவதைக் கவனித்தவர் அவர். 1943ஆம் ஆண்டு, நாடு செருமானியர் பிடியில் இருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகையும் செங்கல்லும் கழிபொருளும் கிடந்த ஓரிடத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தனர். அவர்கள் கட்டினர், இடித்தனர், மீண்டும் கட்டினர். நம் சிற்றில் பருவம் டேனிய நாட்டில் நடந்ததென்றே சொல்லத் தோன்றுகிறது.

சப்பானில் ஐச்சி மாநிலத்தில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட கிப்லி பூங்காவையும் சொல்ல வேண்டும். பெரிய இராட்டினங்களை நம்பி எழுந்த பூங்கா அன்று அது. 1988இல் வெளிவந்த டோட்டோரோ திரைப்படத்தில் வரும் சகோதரியர் இருவரின் வீட்டை 2005ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியிருந்தனர். அது இன்று பூங்காவின் ஒரு பகுதி. அவ்வீட்டின் அலமாரிகளைத் திறக்கலாம், இழுப்பறைகளை இழுக்கலாம். உள்ளே துணியும் பாத்திரமும் இருக்கின்றன. அருகிலுள்ள குன்றின்மேல் டோட்டோரோவின் உருவில் மரத்தாலான ஆடுகூடம் ஒன்று சுமார் 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதனுள் சிறுவர் மட்டுமே புகலாம். பெரியவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும்! பெரியவர் நுழைய முடியாத ஓரிடம் உலகில் தனக்கு உண்டு என்னும் பெருமிதத்தைக் குழந்தைக்கு எந்த இயந்திரம் தரும்?

எனினும் நம் நெஞ்சில் நிலைத்தது இவற்றுள் எதுவுமன்று. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்பவர் தம் மகள் மார்கனுடன் ஒரு நீச்சல் குளத்தில் இருந்தபோது, அவள் விளையாட நெருங்கியதும் பிற குழந்தைகள் குளத்தைவிட்டு வெளியேறினர். அவளுக்கு அறிவு வளர்ச்சியிலும் உடலியக்கத்திலும் குறைபாடு உண்டு. அத்தந்தை அங்கு நில்லாமல், கைவிடப்பட்ட கற்சுரங்க நிலத்தில் 25 ஏக்கரில் ஒரு பூங்காவையே எழுப்பினார். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதற்கு 'மார்கன்ஸ் ஒண்டர்லேண்ட்' என்று பெயர். சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றும் இராட்டினம் அங்கே உண்டு. மரக்குதிரைகளோடு நாற்காலியும் மேலேறிக் கீழிறங்கும். 2017இல் நீர் விளையாட்டுப் பகுதியும் சேர்ந்தது. மின்கலம் நீரில் பழுதாகும் என்பதால் அழுத்தக் காற்றால் இயங்கும் நாற்காலிகளை அங்கு வைத்துள்ளனர். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஒதுக்கிய தனித்தீவும் அன்று. எல்லாக் குழந்தைகளும் கலந்து ஆடும் இடம்.

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கு உரியவை என்று பெரியோர் சிலர் கூறுவர். கேளிக்கைக்கு இத்துணை ஆராய்ச்சியா என்றும் வினவுவர். அவர்கள் வினாவை நாம் மதிக்கிறோம். எனினும் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைக்கச் சுதைத் திமிங்கிலத்துக்கு ஆனதில் எத்தனை பங்கு செலவாகும்? மணற்படுகையை மேசையளவு உயர்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் சக்கர நாற்காலிப் பிள்ளையும் சிற்றில் கட்டுமே. குழாயடியில் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த அணைக்கட்டை முறையாக ஒரு சிறு வாய்க்காலாக்கிக் கொடுத்தால் போதும், அரைநாள் அங்கேயே கழியும். நிழலுக்கு வேம்பும் புங்கமும் இருக்கின்றன. அவற்றின் கீழ் அன்னையர் அமர்ந்து பிள்ளைகளைக் காணத் திண்ணை ஒன்று. அன்று நம் வீட்டுப் பெண்கள் வெயிலில் நின்ற நிலையை நினைத்தால் இதனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேலும், 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை விளையாட்டையும் ஓர் உரிமையாகவே கூறுகிறது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கில் பிறரோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமையைப் பேசுகிறது. கேட்பது சலுகையன்று.

கதைகளுக்கு நமக்குப் பஞ்சமுமில்லை. பட்டினப்பாலை காட்டும் புகார் நகரத்துச் சிறுவரின் மூன்றுகாற் சிறுதேர் ஒன்று போதாதா, ஒரு பூங்காவின் பாதிப் பகுதியைப் படைக்க? பாட்டிமார் சொன்ன நரியும் காக்கையும் எங்கே போயின? அயல்நாட்டுக் கேலிச்சித்திரத்தின் நிறம் மாறிய நகல்களையே நட்டு வைப்பானேன்? ஓவியரையும் பொறியாளரையும் அழைக்கும் பூங்காக்கள் கதை தெரிந்த தமிழ் மாணவர் ஒருவரையும் அழைத்தால், இத்துறையிலிருந்தே அனுப்பி வைக்க நாம் அணியமாயிருக்கிறோம். வேலைவாய்ப்பு எங்கே என்று ஆண்டுதோறும் கேட்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறோம். நகைச்சுவையாகக் கொள்ள வேண்டா.

படிகளைப் பற்றி அப்பூங்காவின் நிருவாகத்துக்கு ஒரு மடல் விடுத்திருந்தோம். சாய்தளம், மணல்மேசை, நிழல் ஆகிய மூன்றை மட்டுமே கேட்டிருந்தோம். இரண்டு திங்கள் கழித்து ஓர் உறை வந்தது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரி; அடுத்த வருகைக்கு நால்வர்க்குக் கட்டணச் சலுகைச் சீட்டு ஒன்று. அச்சீட்டை எம் அண்ணன் மகளிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படியை எடுத்துட்டாங்களாமா, சாச்சா?" என்று கேட்டாள்.

சீட்டு எம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாம் மடலை எழுதிக்கொண்டிருக்கிறோம்.