பிள்ளைகளும் பெயர்ப் பலகைகளும்

விடுமுறை வந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் தமிழ்க் குடும்பங்கள் கன்னியாகுமரிக்குக் காரில் புறப்படுவது வழக்கம். குழந்தை சிணுங்கியதும் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். குனிந்து அதையே பார்த்தால் தலைச்சுற்றலும் வாந்தியும்தான் மிச்சம்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அங்கே மலையாளப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும், தமிழ் எழுத்தை எங்கே பார்ப்பார்கள்?

களியக்காவிளை தாண்டினால் பெயர்ப் பலகைகளில் தமிழ் வந்துவிடுகிறது. குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லலாம்; முதலில் படிப்பவருக்கு ஒரு கடலை மிட்டாய். எழுத்தறியாத சிறுசுகள் எதிரே வரும் பேருந்துகளை எண்ணட்டும். சிணுங்க நேரம் இராது.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் இறங்கிக் காலாற நடக்கவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. தமிழக மண்ணில் உள்ள அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு என்றால், 'ஏன்?' என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெற்றோர்தான் வேண்டும், கைப்பேசி போதாது. எல்லைத் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சாலையே அரிச்சுவடி. அதைக் காட்டாமல் கடந்து போவது நியாயமா?