சம்மட்டியா, கிரீஸா?



ஏற்காட்டிலிருந்து குப்பனூர் நோக்கி இறங்கும் மலைப்பாதையில் கொட்டச்சேடு என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். மழைக்காலத்தில் பட்டப்பகலிலும் பனிமூட்டம். அங்கே ஒரு சரக்கு லாரியின் டயர் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கி கொடுத்தாயிற்று. நட்டுகளையெல்லாம் கழற்றியாயிற்று. ஸ்டெப்னியும் தயார். ஆனால் சக்கரம் மட்டும் அசைய மறுக்கிறது! வளைவில் நிற்கும் அந்த லாரிக்குப் பின்னால், மூட்டத்துக்குள் ஒரு பேருந்து வந்துகொண்டிருக்கலாம்.

நட்டுகள் கழன்ற பிறகும் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? துருதான்.

சக்கரத்தின் நடுத்துளை, ஹப்பின் விளிம்பில் மிகச் சிறிய இடைவெளியுடன் பொருந்தி உட்காருகிறது. நுண்புழை விளைவினால் மழைநீர் அந்த இடுக்கில் ஏறித் தங்கிவிடும். வெயிலும் காற்றும் அதை எளிதில் உலர்த்துவதில்லை. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு பிறக்கும். அதன் பருமன், கரைந்த இரும்பின் பருமனைப் போல் 2 முதல் 6 மடங்கு வரை இருக்கும். விரிவதற்கு இடமில்லாத துரு, இருபுறமும் நெருக்கி ஆப்பு போல் இறுகிவிடுகிறது. பாறைத் துளையில் மர ஆப்பை அடித்து, நீர் ஊற்றி ஊறவைத்துக் கல்லைப் பிளந்தார்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

அலுமினியக் கலவைச் சக்கரமானால் தப்பிக்கலாமா? முடியாது. ஈரத்தில் இரும்பு ஹப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம், ஒரு மின்கலத்தின் ஆனோடாகி அரிக்கப்படும். சேலத்துக் கஞ்சமலையில் இரும்பும், சேர்வராயன் மலையில் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுக்களாகவே கிடக்கின்றன. ஆற்றலைச் செலவிட்டு நாம் பிரித்தெடுத்த உலோகம், வாய்ப்புக் கிடைத்தால் பழைய நிலைக்கே திரும்புகிறது.

"மாட்டிக்கொண்டால் அப்போது பார்ப்போம், சம்மட்டி எதற்கு இருக்கிறது?" என்று சிலர் வாதிடுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஓங்கி அடித்தால் சக்கரம் வளையலாம். அதிர்ச்சியில் லாரி ஜாக்கியிலிருந்து நழுவலாம். டயர் மாட்டிய சக்கரத்தை வாயுச் சுடரால் சூடேற்றுவதோ அதைவிட ஆபத்து. உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்கள் உண்டாகி, டயர் குண்டுபோல் வெடிக்கக்கூடும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை.

வருமுன் காப்பதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. ஒவ்வொரு முறை சக்கரத்தைக் கழற்றும்போதும் வயர் பிரஷால் துருவைச் சுரண்டித் துடைக்க வேண்டும். பிறகு, நடுத்துளை உட்காரும் ஹப் விளிம்பில் மட்டும் அரிமானத் தடுப்புக் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். நீர் புக இடமில்லை. எனவே துருவும் இல்லை.

ஆனால், 'கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது' என்று எண்ணிவிடாதீர்கள்! சக்கரமும் ஹப்பும் முகத்தோடு முகம் அழுந்தும் பரப்பில் கிரீஸ் படக்கூடாது. நட்டுகளின் இறுக்கத்தால் அங்கே எழும் உராய்வுதான் லாரியின் இழுவையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. பிரேக் பகுதியிலும் கிரீஸ் படவே கூடாது. நட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஒரே லாரியில் ஓரிடத்தில் உராய்வு நண்பன். அடுத்த அங்குலத்தில் துரு பகைவன். இந்த வேறுபாட்டை உணர்வதே அறிவியல்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு பழைய இரும்பு போல்ட்டுகளை எடுத்து, ஒன்றின் மரையில் மட்டும் கிரீஸ் தடவி, இரண்டிலும் நட்டை மாட்டுங்கள். உப்பு நீரில் நனைத்த துணியைச் சுற்றி, காயாமல் சில வாரங்கள் வைத்திருந்து, பிறகு திருகிப் பாருங்கள். எது எளிதில் கழல்கிறது?

துருவின் வாய்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது என்பதே என் கருத்து. அந்த அறிவு, மழையில் லாரிக்கடியில் படுத்திருக்கும் தொழிலாளியின் கையிலும் போய்ச் சேரவேண்டும். உங்கள் ஊர்ப் பட்டறையில் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கை கண்ட அனுபவத்தையும் கேட்டு வாருங்கள். இருவருக்கும் லாபமே!