"மெஜாரிட்டி முடிவு, நாயை அனுப்பிடுங்க": அசோசியேஷன் செக்ரட்டரிகளுக்கு ஒரு த்ரெட்

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்கள்ல மறுபடி நோட்டீஸ் சீசன். "அடுத்த மாதம் முதல் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பொதுக்குழு முடிவு." கீழே வரிசையா கட்டை விரல்.

ஒரு டாக்டரா இதுக்குக் கடுமையா எதிர்ப்புத் தெரிவிக்கிறேன்.

அந்தக் கட்டடத்துல யார் நாய் வளர்க்கிறாங்கன்னு பாருங்க. பசங்க வெளிநாட்டுல, கணவர் தவறிட்டார், தனியா இருக்கிற ஒரு அம்மா கண்டிப்பா இருப்பாங்க. அவங்க காலைல படுக்கையை விட்டு எழுந்திருக்க அந்த நாய் ஒரு பெரிய காரணம்.

மனச்சோர்வு வந்தா முதல்ல அடிபடறது தினசரி ஒழுங்கு. தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம் நேரம் தவறும். இதுக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு ஒரு சிகிச்சை முறை உண்டு. மனசு சரியாகட்டும்னு காத்திருக்காம, சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வெச்சு, அது வழியா மனசை மேல கொண்டு வர்றது. "தினமும் 20 நிமிஷம் நடங்க"ன்னு நாங்க சீட்டுல எழுதித் தருவோம். சீட்டு மேஜை டிராயருக்குள்ள போயிடும். நாயை டிராயர்ல வைக்க முடியாதுங்க. அவசரம்னா கதவைப் பிறாண்டும், கீழே கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும். கீழே போனா வாட்ச்மேன், பால்காரர், நாலு வார்த்தை.

"ஆதாரம் இருக்கா டாக்டர்?" இருக்கு, ஆனா அளவோட. 1980ல அமெரிக்காவுல எரிகா ஃப்ரீட்மன் குழு 92 இதய நோயாளிகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. பிராணி வளர்த்த 53 பேர்ல 3 பேர் இறந்தாங்க, வளர்க்காத 39 பேர்ல 11 பேர். சின்ன ஆய்வு. பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில இல்ல. அதனால "மாத்திரையை நிறுத்திட்டு லேப்ரடார் வாங்குங்க"ன்னு ரீல்ஸ் போடறவங்களையும் நம்பாதீங்க. நாய் மருந்துக்கு மாற்று இல்ல. மனசு ரொம்பத் தாழ்ந்தா 14416, டெலி மனாஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம்.

ஆனா புதுசா ஒரு நாய் வாங்கினா மனச்சோர்வு குணமாகுமாங்கிறது ஒரு கேள்வி. பத்து வருஷம் கூட இருந்ததைப் பிடுங்கினா என்ன ஆகும்ங்கிறது முழுக்க வேற கேள்வி. ரெண்டாவதுக்கு ஆய்வு எதுக்கு? அது இழப்பு. ஏற்கெனவே ஒரு சாவைப் பார்த்த வீட்டுல, கையெழுத்துப் போட்டு இன்னொரு பிரிவை உண்டாக்கறீங்க.

சட்டமும் உங்க பக்கம் இல்ல. மெஜாரிட்டி இருந்தாலும் தடை போடக் கூடாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. இப்படிப்பட்ட பைலா செல்லாதுன்னு 2021ல கேரள உயர்நீதிமன்றம் சொல்லிடுச்சு. உங்க நெருக்கடியில ஒருத்தர் நாயைத் தெருவுல விட்டா, 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் அவங்க தலையில விழும். நோட்டீஸ் போட்ட நீங்க ஏசி ரூம்ல இருப்பீங்க.

ரேபிஸ் பயம் நியாயமானது, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வந்துட்டா கிட்டத்தட்ட நூறு சதவீதம் மரணம். கடி, கீறல் எதுவானாலும் 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து தடுப்பூசி. வருஷா வருஷம் ஊசிச் சான்றிதழ் கேளுங்க, கயிறு இல்லாம வெளியே விட்டா கண்டிங்க, கழிவை வளர்க்கிறவரே அள்ளணும்னு விதி போடுங்க. செக்ரட்டரி சார், கால்நடை டாக்டரை ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி கார் பார்க்கிங்லயே முகாம் நடத்துங்க. பொதுக்குழு கூட்டறதை விட செலவு கம்மி.