அயலார் உறக்கமும் அறமே

திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா தொடங்கிவிட்டால் ஊரெங்கும் அம்மன் பாடல்கள் ஒலிக்கும். பக்தர் செவிக்கு அது அமுதம். ஒலிபெருக்கிக்கு அடுத்த வீட்டில் நோயுற்றுப் படுத்திருப்பவருக்கோ அது வேதனை.

இத்தகைய வேதனைதான் சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தாரை நீதிமன்றம் ஏறச் செய்தது. அங்கிருந்த பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கியும் மேளமுமே வழக்கின் பொருள். பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஆலயங்களுக்கும் அது பொருந்தும்.

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே சட்டம் வகுத்த எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்களிக்கலாம். மார்கழியில் விடியுமுன் 5 மணிக்கே கூம்பு ஒலிபெருக்கி முழங்குவதற்கு அதில் இடமில்லை.

அண்டை வீட்டில் இரைச்சல் மிகுந்தால், பகற்பொழுதில் நேரில் சென்று இன்சொல்லால் எடுத்துரைப்பதே முதற்படி. பயனில்லையேல் காவல் நிலையத்தில் முறையிடலாம். தம் தெருக் கோயிலின் ஒலியை முன்னரே அளவோடு வைத்தவர்கள் கேட்கும்போது, அச்சொல்லுக்கு வலிமை மிகும்.