சுமைகூலியை யார் ஏற்பது?

கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு மாலை நேரம். துணிக்கடைக்குச் சரக்கு இறக்க வந்த வேன் கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருகினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கிறது. ஓட்டுநர் கைப்பேசியில் பேசுகிறார். சிறிது நேரத்தில் மெக்கானிக் ஒருவர் புதிய பேட்டரியுடன் வந்து சேர்கிறார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறார். பழையதற்காக விலையில் சில ரிங்கிட்டைக் குறைத்துக்கொண்டு, அதைத் தம்முடனேயே எடுத்துச் செல்கிறார். ஓட்டுநர் அந்தப் பழைய பேட்டரியைப் பற்றி மறுபடி நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

இதே பேட்டரி நாட்டின் உட்பகுதியில் செயலிழந்தால் என்ன ஆகும்? பேராக் மாநிலத்தின் வடக்கே பெலும் காட்டில் இருக்கும் சுங்கை தியாங் போன்ற பூர்வக்குடிக் கிராமங்களுக்குத் தெமெங்கோர் ஏரியைக் கடந்து படகில்தான் செல்ல வேண்டும். சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்திற்குச் சிறு விமானம் செல்கிறது. இல்லையேல், மரம் வெட்டுவோர் அமைத்த மண்சாலையில் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். இத்தகைய தொலைதூர ஊர்களில், தேசிய மின்கம்பி எட்டாத இடங்களில் சூரிய சக்தித் தகடும் மின்னாக்கியும் வீடுகளுக்கு ஒளி தருகின்றன. பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கப் பேட்டரி வேண்டும். அது சில ஆண்டுகளே உழைக்கும். பிறகு, வீட்டின் அடியிலோ புதர் ஓரத்திலோ கிடக்கும். அதை எடுத்துச் செல்ல எந்த மெக்கானிக்கும் வருவதில்லை.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது பழமொழி. உட்பகுதிப் பேட்டரியின் கதையும் இதுதான். ஒரு சாதாரண கார் பேட்டரி 12 முதல் 15 கிலோகிராம் வரை எடை கொண்டது. அந்த எடையில் பாதிக்கும் மேல் ஈயம். ஈயத்தை உருக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அதன் தரம் குறையாது. ஆகவே, நகரத்தில் பழைய பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. ஆனால், படகுக்கூலியும் வண்டிக்கூலியும் அந்த விலையை விழுங்கிவிட்டால் கிராமத்தார் அதைச் சுமந்து வருவதால் என்ன பயன்? அவர்களை அக்கறையற்றவர்கள் என்று குறை கூறுவது நியாயமன்று. தொலைவுதான் அவர்களுக்குத் தடையாக நிற்கிறது.

கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடக்கூடிய பொருளா இது? இல்லை. பேட்டரிக்குள் கந்தக அமிலமும் ஈயமும் இருக்கின்றன. உறை வெடித்தால் அமிலம் கண்ணையும் தோலையும் சுடும், மண்ணில் இறங்கும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதற்கு விறகு அடுப்பே போதும். அதனால், மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்காகப் பழைய பேட்டரியை உடைத்து வீட்டு அடுப்பிலேயே உருக்குவோர் உலகின் பல பகுதிகளில் உண்டு. அந்தப் புகையும் தூசும் வீட்டின் தரையில் படிகின்றன. தரையில் தவழும் குழந்தையின் விரல் வழியே அவை வாய்க்குள் செல்கின்றன.

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கு, ஐந்து மடங்கு அதிகமாக ஈயத்தை ஈர்த்துக்கொள்ளும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடலுக்குள் சென்ற ஈயம் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடுகிறது. அது வளரும் மூளையைப் பாதித்துக் கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்திற்குக் கிடையாது. யுனிசெப் நிறுவனமும் ‘பியூர் எர்த்’ அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின், அதாவது ஏறத்தாழ 800 மில்லியன் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் கலந்துள்ளது. பழைய பேட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டில் நிகழ்ந்த துயரத்தை உலகம் மறக்கக் கூடாது. அதன் தலைநகரான டக்காரின் புறநகர் தியாரோய் சுர் மேர். அங்கே பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகள் திறந்தவெளியில் உடைக்கப்பட்டன. மண்ணில் ஈயத் துகள்கள் கலந்தன. ஈயத்தின் விலை ஏறியபோது, ஏழைப் பெண்கள் அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துச் சென்று சலித்து, ஈயத்தைப் பிரித்து விற்றனர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் உயிரிழந்தனர். தாய்மார்கள் பிழைப்புக்காகச் சலித்த மண்ணே பிள்ளைகளின் உயிருக்கு எமனாக அமைந்தது.

மலேசியச் சட்டம் இந்த ஆபத்தை அறிந்தே இருக்கிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிமுறைகள், பயன்படுத்தி முடித்த ஈய அமில பேட்டரியை ‘எஸ்.டபிள்யூ. 102’ என்னும் குறியீட்டில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்துகின்றன. கண்ட இடத்தில் அதை வீசுவதோ உரிமமின்றி உருக்குவதோ குற்றமாகும். ஆனால், ‘வீசாதே’ என்று சொல்லும் சட்டம், பேட்டரியை ஆற்றைக் கடந்து கொண்டுவரும் படகை அனுப்பி வைப்பதில்லை. தண்டனையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், வழியை அமைத்துத் தருவதே முறை.

வழி இல்லாமல் இல்லை. சமையல் எரிவாயுக் கலனை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் கனமானதுதான், ஆபத்தானதுதான். இருப்பினும், காலியான கலன் எந்தப் புதரிலும் கிடப்பதில்லை. காலிக் கலனைக் கொடுத்தால்தான் நிரம்பிய கலனைக் கூடுதல் பணமின்றிப் பெறலாம் என்பதால், அது தவறாமல் கடைக்குத் திரும்பி வருகிறது. ஒரே கிராமத்திலிருந்து கலன் திரும்புகிறது. பேட்டரி மட்டும் திரும்புவதில்லை. அப்படியானால், தொலைவோடு சேர்ந்து ஏற்பாட்டின் குறையும் இதற்குக் காரணம் அல்லவா?

அரசாங்கம் உட்பகுதி மக்களுக்கு அரிசி, சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய விலையில் கொண்டுசேர்க்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. அதற்கான போக்குவரத்துச் செலவை அரசே ஏற்கிறது. அந்தப் படகுகளும் வண்டிகளும் பொருள்களை இறக்கிய பின்னர் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகின்றன. போகும் பயணத்திற்குப் பணம் தரும் கை, திரும்பும் பயணத்திற்கும் சிறிது தரலாம். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பழைய பேட்டரிகளை ஏற்றி வரச் செய்தாலே பல கிராமங்கள் தூய்மையாகும். அதற்குரிய அனுமதியைச் சுற்றுச்சூழல் துறை எளிமையாக்கித் தர வேண்டும்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சாலையே இல்லாத கிராமங்கள் பல உள்ளன. சரக்கு கொண்டுவந்த படகும் விமானமும் திரும்பும்போது பழைய பேட்டரிகளையும் ஏற்றிச் செல்லும் முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. பனி நாட்டில் முடிந்தது மழைக்காட்டு நாட்டில் முடியாதா?

ஏற்றுவதற்கும் முறை உண்டு. எடையைக் குறைப்பதற்காக அமிலத்தை மண்ணிலோ கால்வாயிலோ ஊற்றிவிடக் கூடாது. பேட்டரியை முழுமையாக, நிமிர்ந்த நிலையில் அடுக்க வேண்டும். மின்முனைகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றாதபடி அவற்றை மூட வேண்டும். அடுக்குகளுக்கு இடையே தடித்த அட்டை வைத்து, அசையாமல் கட்ட வேண்டும். கசியும் பேட்டரியை அமிலம் அரிக்காத பிளாஸ்டிக் தொட்டியில் தனியே வைக்க வேண்டும். உணவுப் பொருளோடு அதனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. கிராமத்து இளைஞர் இருவருக்குப் பயிற்சியும் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தால் இப்பணியை அவர்கள் செம்மையாகச் செய்வார்கள்.

அப்படியானால், செலவு முழுவதும் வரிப்பணத்தின் தலையில் விழ வேண்டுமா? வேண்டியதில்லை. விற்று இலாபம் பெறுபவரும் அதில் பங்கேற்க வேண்டும். இந்தியா 2022இல் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே சுமத்துகின்றன. மலேசியாவிலும் புதிய பேட்டரி ஒவ்வொன்றின் விலையிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், மஸ்ஜித் இந்தியாவில் விற்கும் பேட்டரி பாரியோவில் கிடக்கும் பேட்டரியின் சுமைகூலிக்குக் கைகொடுக்கும்.

இனி லித்தியம் பேட்டரியின் காலம். ஈய பேட்டரி தானாகவே மறைந்துவிடும் என்று சிலர் கருதுகின்றனர். புதிய சூரிய சக்தித் திட்டங்களில் லித்தியம் பெருகி வருவது உண்மைதான். ஆனால், பெரும்பாலான கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இன்றும் ஈய பேட்டரியால்தான் கிளம்புகின்றன. ஏற்கெனவே புதரில் கிடப்பவையும் தாமாக மறையப் போவதில்லை. மேலும், லித்தியம் பேட்டரியும் ஒருநாள் செயலிழக்கும். அப்போது அதையும் யாராவது சுமந்து வரத்தான் வேண்டும். இன்று அமைக்கும் பாதை நாளைக்கும் உதவும்.

மின்சார ஒளியில் பாடம் படிக்கும் உரிமை நகரத்துப் பிள்ளைக்கும் காட்டோரப் பிள்ளைக்கும் ஒன்றே. அந்த ஒளியைத் தந்த பொருள் நஞ்சாக மாறி வீட்டு வாசலில் கிடக்கும் நிலை நகரத்துப் பிள்ளைக்கு இல்லை. காட்டோரப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. புதியதைக் கொண்டுசெல்பவர் பழையதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது மஸ்ஜித் இந்தியாவில் அந்த மெக்கானிக் நாள்தோறும் கடைப்பிடிக்கும் எளிய வழக்கம். அந்த வழக்கம் ஆற்றைக் கடந்தும் செல்ல வேண்டும்.