கம்பியில் எழும் எதிரொலி

கிணற்றுக்குள் கூவினால் நம் குரலே திரும்பி வந்து நம்மைப் பரிகாசம் செய்கிறது. மின்சாரக் கம்பிக்கும் இக்குணம் உண்டு. ஜோடிக் கம்பியின் ஒரு முனையில் மின்துடிப்பொன்றை அனுப்புவோம். மறுமுனையில் கம்பிகள் அறுந்து கிடந்தால் அது போனபடியே திரும்பும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தலைகீழாகத் திரும்பும். கம்பியின் இயல்புக்குச் சரியாக ஒத்த மின்தடையை அங்கே இணைத்தால்தான் துடிப்பு முழுதும் அதில் அடங்கி, எதிரொலி ஒழியும்.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஆலிவர் ஹெவிஸைடு என்னும் ஆங்கிலேயர் இவ்விஷயத்தை 1880-களில் கணிதத்தால் ஆராய்ந்தார். பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பெரிய அதிகாரியான பிரீஸ் என்ன செய்தார்? 1887-இல் அவருடைய கட்டுரைக்கே முட்டுக்கட்டை போட்டார்! உத்தியோக மகிமை அப்படி.

இவ்வெதிரொலியால் நமக்கு லாபமும் உண்டு. பூமிக்குள் புதைத்த தொலைபேசிக் கேபிள் பழுதானால் வீதி முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. கேபிளில் துடிப்பு விநாடிக்கு 2,00,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். விநாடியில் பத்து லட்சத்தில் மூன்று பாகம் கழிந்து எதிரொலி வந்தால், பழுது 300 மீட்டர் தூரத்தில். அது தலைகீழாக வந்ததா என்று பார்த்து, கம்பி அறுந்ததா ஒட்டியதா என்பதையும் கடப்பாரையைத் தொடுமுன்பே சொல்லிவிடலாம்.