வெட்டினால் பார்வை வருமா?

விழித்திரையின் உட்பகுதிக்கு இரத்தம் கொண்டுவருவது ஒரு தமனி. அதை வடித்துச் செல்வது ஒரு சிரை. வயலுக்கு வாய்க்காலில் நீர் வந்துகொண்டே இருக்கிறது, வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டது என்றால் என்ன ஆகும்? நீர் தேங்கிப் பயிர் அழுகும். விழித்திரைச் சிரை அடைப்பிலும் நடப்பது அதுதான். தேங்கிய இரத்தத்திலிருந்து நீர் கசிகிறது. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவுகிற மாக்குலா என்ற நடுப்பகுதி ஊறி வீங்குகிறது. வலி இருக்காது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் மட்டும் புகை மூடியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படி வந்து நிற்பவரிடம், "அடைப்பு இருக்கும் இடத்தை வெட்டித் தளர்த்திவிட்டால் இரத்தம் ஓடும், வீக்கம் வடியும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? யாருக்குத்தான் பிடிக்காது! கேட்டதும் புரிகிற வைத்தியம் அது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கேட்டதும் புரிவதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாது.

இந்த எண்ணம் இரண்டு வடிவங்களில் வந்தது. முதலாவது கிளைச் சிரை அடைப்புக்கு. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான ஓர் உறை உண்டு. தடித்துப்போன தமனி அங்கே சிரையை அழுத்துகிறது என்பதால், உறையை வெட்டி இரண்டையும் பிரித்துவிடலாம் என்றார்கள். 1988-ல் ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்த விவரம் வெளியானது. பின்னர் சிறு சிறு தொகுப்புகள் வந்தன.

இரண்டாவது மையச் சிரை அடைப்புக்கு. இதுதான் பெரிய துணிச்சல். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1.5 மி.மீ. அதற்குள் பத்து லட்சம் நரம்பிழைகள், தமனி, சிரை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வட்டத்தின் விளிம்பில் மூக்குப் பக்கமாக ஒரு கீறல் போட்டால் நெருக்கம் தளரும் என்றார் அமெரிக்க மருத்துவர் மிட்செல் ஆப்ரெம்காக். ரேடியல் ஆப்டிக் நியூராட்டமி என்று இதற்குப் பெயர். 2001-ல் அவர் குழு வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 11 பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை கூடியது என்றது அறிக்கை. 2006-ல் 117 பேரின் கணக்கு வந்தது. அதிலும் பெரும்பாலோருக்கு முன்னேற்றம்.

11 பேர் 117 பேர் ஆனார்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இவர்களைப் போன்றவர்களையே அறுவை செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒப்பீட்டுக் குழு இரண்டு அறிக்கைகளிலும் இல்லை.

இது வெறும் புள்ளிவிவரக்காரர்களின் அடம் என்று நினைக்க வேண்டாம். இந்த நோய் சிலருக்குத் தானாகவே குறையும். 1984-ல் வெளியான கிளைச் சிரை அடைப்பு ஆய்வைப் பாருங்கள். லேசர் செய்துகொண்டவர்களில் 65 விழுக்காட்டினர் இரண்டு வரிகள் கூடுதலாகப் படித்தார்கள். லேசர் செய்துகொள்ளாதவர்களில்? 37 விழுக்காட்டினர்! எதுவும் செய்யாமலே மூன்றில் ஒருவருக்கு மேல் தேறியிருக்கிறார். அந்த 37 விழுக்காட்டினரையும் யாராவது கத்தியோடு சந்தித்திருந்தால், பெயர் கத்திக்குத்தான் போயிருக்கும்.

"மையச் சிரை அடைப்பு அப்படி அல்ல, அது கொடியது" என்பார்கள். உண்மைதான். அதற்கும் கணக்கு இருக்கிறது. மையச் சிரை அடைப்பு பற்றிய பெரிய அமெரிக்க ஆய்வில், தொடக்கத்திலேயே பார்வை 6/60-க்கும் கீழே போய்விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அந்த நிலையிலேயே தங்கினார்கள். மீதி 20 விழுக்காட்டினர் மேலே வந்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் 1995-ல் காட்டியது. லேசர் செய்தபோது படத்தில் கசிவு குறைந்தது, ஆனால் பார்வை கூடவில்லை. ஆக, "வீக்கம் வடிந்துவிட்டது" என்று படத்தைக் காட்டுவது ஒன்று. நோயாளி பலகையில் அடுத்த வரியைப் படிப்பது வேறொன்று.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு ஆராய்ந்தவர் சோகன் சிங் ஹேரே. சிரை அடைப்பைப் பற்றி அவர் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. நரம்பை வெட்டும் இந்த அறுவையை அவர் தொடக்கத்திலேயே கடுமையாக எதிர்த்தார். அடைப்பு பல நோயாளிகளுக்குக் கீறல் விழும் இடத்தில் இல்லை, அதற்கும் பின்னால் நரம்புக்குள் இருக்கிறது என்றார். பூட்டு ஓர் அறையில் இருக்க, அடுத்த அறைக் கதவை உடைத்தால் என்ன பயன்? தானாக நடக்கும் தேறுதலை அறுவையின் வெற்றியாக எண்ணுகிறார்கள் என்பதும் அவருடைய குற்றச்சாட்டு.

கத்திக்கு விலையும் உண்டு. நரம்பிழை அறுந்தால் திரும்ப முளைக்காது. பார்வைப் புலத்தில் ஒரு துண்டு இருண்டு போகலாம். தமனி காயப்படலாம், இரத்தம் கசியலாம், விழித்திரை பிரியலாம். இரண்டு அறுவைகளுக்கும் முதலில் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழை அகற்ற வேண்டும். அதனால் கண்புரை விரைவாக வரும். இன்னொரு குழப்பமும் அதில் இருக்கிறது. பயன் தெரிந்தால், அது உறையை வெட்டியதாலா, கூழை எடுத்ததாலா? பின்னால் வந்த ஒப்பீடுகள் சிலவற்றில், உறையை வெட்டியவர்களுக்கும் கூழை மட்டும் எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"பார்வை போய்க்கொண்டிருக்கிறவரை ஒப்பீட்டுக் குழுவில் போட்டுச் சும்மா வைத்திருப்பது கொடுமை இல்லையா?" அறுவையை ஆதரிப்பவர்களின் வலுவான கேள்வி இது. இதற்கு விடை பார்வை நரம்பிலேயே ஏற்கெனவே கிடைத்திருந்தது. இரத்த ஓட்டம் குறைந்து பார்வை நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு, நரம்பின் உறையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை ஒன்று அமெரிக்காவில் பரவி வந்தது. அங்கும் இதே வாதம்தான், இறுக்கத்தைத் தளர்த்து! நோய் தானாகத் தேறுவது அரிது என்று அங்கும் நம்பினார்கள். கடைசியில் குலுக்கல் முறையில் 244 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1995-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் மூன்று வரிகள் தேறியவர்கள், அறுவை செய்தவர்களில் 32.6 விழுக்காடு, செய்யாதவர்களில் 42.7 விழுக்காடு. மூன்று வரிகள் இழந்தவர்கள், அறுவை செய்தவர்களில் 23.9 விழுக்காடு, செய்யாதவர்களில் 12.4 விழுக்காடு.

இப்போது சொல்லுங்கள், கொடுமை எது? சும்மா இருந்தவர்களுக்கு நடந்ததா, வெட்டப்பட்டவர்களுக்கு நடந்ததா? இந்தப் பாடம் அச்சில் வந்து ஆறே ஆண்டுகளில், அதே நரம்பில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அடுத்த கத்தி இறங்கியது.

இதே காலத்தில் ஊசி மருந்துகள் என்ன செய்தன? ரானிபிசுமாப் என்ற மருந்தை மையச் சிரை அடைப்புள்ள 392 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு ஊசி போடுவது போன்ற பாவனை மட்டும். 2010-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் 15 எழுத்துகள் கூடுதலாகப் படித்தவர்கள், முழு அளவு மருந்து பெற்றவர்களில் 47.7 விழுக்காடு, பாவனை ஊசி பெற்றவர்களில் 16.9 விழுக்காடு. இந்த 16.9 என்ற எண்ணை யாரும் மறைக்கவில்லை. அதைக் கழித்த பிறகும் மருந்து நின்றது. அதனால்தான் இன்று இந்த வீக்கத்துக்கு முதல் சிகிச்சை ஊசியாக இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வசதியாக இருக்கும். முடியவில்லை. நரம்பை வெட்டும் அறுவையையும் ஒருவழியாகக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2013-ல் வந்தது. நூறு பேருக்கும் குறைவான சிறிய சோதனைதான். ஆனால் ஓராண்டு முடிவில், பாவனைச் சிகிச்சை பெற்றவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள்!

அப்படியானால் அறுவை வென்றுவிட்டதா? இல்லை. 2013-ல் யாரும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. களம் ஊசிக்குப் போய்விட்டது. ஊசியோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க வேண்டிய அறுவை, பாவனையோடு மோதியதோடு நின்றுவிட்டது. இந்தச் சோதனையை 2001-லேயே தொடங்கியிருந்தால்? பயனற்றது என்றால் நூற்றுக்கணக்கான கண்கள் கத்தியிலிருந்து தப்பியிருக்கும். பயனுள்ளது என்றால், ஊசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் பார்வை இழந்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். ஒப்பீட்டைத் தவிர்த்தவர்கள் நோயாளிக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை, தாங்கள் நம்பிய அறுவைக்கே துரோகம் செய்தார்கள்.

இது பழங்கதை அல்ல. ஊசியின் பயன் சில வாரங்களில் தேய்கிறது, வீக்கம் திரும்புகிறது, பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கிறது. பிவாசிசுமாப் போன்ற மலிவான மருந்து விலையுயர்ந்த அஃப்லிபர்செப்டுக்கு ஆறு மாதத்தில் குறைந்ததல்ல என்று 2017-ல் ஒரு சோதனை காட்டியது ஆறுதல். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பேருந்தேறி வருபவருக்கு மருந்தின் விலை மட்டுமா செலவு? "ஒரே அறுவை, அதோடு முடிந்தது" என்ற பேச்சு அவர் காதில் தேனாகத்தான் பாயும். அந்த ஆசை நியாயமானது. அதைச் சான்று இல்லாமல் விற்பதுதான் அநியாயம். வடியாத இரத்தக் கசிவு, மாக்குலாவை இழுக்கும் சவ்வு போன்றவற்றுக்கு அறுவை இன்றும் தேவை, அதில் சண்டை இல்லை. வீக்கத்துக்காக மட்டும் வெட்டுவதுதான் விவகாரம்.

நாளைக்குப் புதிய கத்தி வரும், புதிய பெயர் வரும், முன்னும் பின்னும் எடுத்த அழகான படங்கள் வரும். நோயாளியும் அவர் பிள்ளைகளும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "டாக்டர், இதைச் செய்துகொள்ளாதவர்களுக்கு என்ன ஆச்சு?" அதற்கு எண்ணோடு பதில் வந்தால் மேசையில் படுக்கலாம். படம் மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.